இரண்டைக் கழற்றி ஒன்றைப் பூட்டுமுன்

மழைக்காலம் தொடங்கிவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளும் மாறிவிடுகின்றன. ரேடியேட்டர் கொதிக்கிறது, ஏர்கான் குளிரவில்லை என்று கேட்டவர்கள் போய், "மேட்டில் ஏறும்போது எஞ்சின் அணைந்துவிடுகிறது, என்ன செய்யலாம்?" என்று கேட்பவர்கள் வருகிறார்கள். நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் பழைய பெட்ரோல் போர் வீல் வாகனத்தை வைத்துப் பிழைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது சும்மா கேட்கும் கேள்வி அல்ல.

பகாவ் வட்டாரத்தில் செம்பனைத் தோட்டங்களில் உரம் போடும் வேலையைக் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்யும் ஒரு தம்பி பேசினார். அவரிடம் இருப்பது பழைய லேண்ட்ரோவர் 110. எட்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், அதன்மேல் இரண்டு எஸ்யு கார்புரேட்டர். அவருடைய அப்பா தோட்டத்தில் டிரைவராக இருந்து, ஓய்வு பெற்றபோது கையில் கிடைத்த பணத்தில் வாங்கியது. பின்னால் உர மூட்டைகள், மூட்டைகளின் மேல் நான்கு வேலையாட்கள். செங்குத்தான மேட்டில் பாதி ஏறியதும் கரும்புகை கக்கி எஞ்சின் நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் காத்திருந்தால்தான் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது.

பட்டணத்தில் ஒரு பட்டறையில் காட்டியிருக்கிறார். "ரெண்டையும் கழட்டி வீசிட்டு ஒரே பெரிய கார்ப் போடு, எல்லாம் சரியாயிடும்" என்றார்களாம். ஹாப் கட் கடையில் அமெரிக்க எஞ்சினிலிருந்து கழற்றிய 600 அளவுள்ள நாலு வாய் கார்புரேட்டர் ஒன்றும் இருக்கிறதாம். "அண்ணே, என்கிட்ட இருக்கறது ஒரு தடவ செலவு பண்ற காசு. ரெண்டாவது தடவைக்கு வழி கெடயாது. எதப் போடட்டும்?" என்று கேட்டார்.

பதில் சொல்லும் முன் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். மேட்டில் எஞ்சின் அணைவது வெறும் தொல்லை அல்ல, ஆபத்து. பிரேக்கை லேசாக மிதித்தாலே பிடிக்கும்படி செய்வது பூஸ்டர். அந்தப் பூஸ்டர் எஞ்சின் உறிஞ்சும் காற்றின் வெற்றிடத்தில்தான் வேலை செய்கிறது. எஞ்சின் நின்றுவிட்டால் சேமித்து வைத்த வெற்றிடம் ஓரிரு மிதிக்குத்தான் வரும். அதன்பிறகு பெடல் கல்லாகிவிடும். மூட்டையும் ஆளும் ஏற்றிய வண்டி பின்னோக்கி உருளத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே அணைந்தால் உடனே செய்ய வேண்டியது இது. கால் பிரேக்கை ஒரே மிதியாக மிதித்துப் பிடியுங்கள். விட்டு விட்டு மிதிக்காதீர்கள். கை பிரேக்கையும் இழுங்கள். பழைய லேண்ட்ரோவரில் கை பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, கியர்பெட்டிக்குப் பின்னால் இருக்கும் சுழல் தண்டைப் பிடிக்கிறது. அதை மட்டும் நம்பி நிற்க வேண்டாம். லோ ரேஞ்சில் ரிவர்ஸ் கியர் போட்டு, கிளட்சை விட்டுவிட்டு, இரு பிரேக்கையும் மெல்லத் தளர்த்தி, கியரிலேயே சாவியைத் திருப்பி, நேர்கோட்டில் பின்னால் இறங்குங்கள். பாதி மேட்டில் வண்டியைக் குறுக்கே திருப்ப முயலவே கூடாது. வண்டி சரியாகும் வரை பின்னால் ஆள் ஏற்ற வேண்டாம் என்று அந்தத் தம்பியிடம் முதலில் சொன்னேன்.

இரண்டு ஏன் வந்தது?

லேண்ட்ரோவருக்கும் நம் தோட்டங்களுக்கும் உள்ள உறவு பழையது. 1948 ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது அறிமுகமானது. அதே ஆண்டு ஜூனில் மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. ராணுவமும் போலீசும் தோட்டத் துரைகளும் செம்மண் சாலையில் ஓட்ட இந்த வண்டியை எடுத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்து நாலு சிலிண்டர் பெட்ரோல் வண்டிகளுக்கு ஒரே ஒரு கார்புரேட்டர்தான். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த எந்தத் தோட்டத்து பிட்டரும் அதைக் கழற்றி ஊதி மாட்டிவிடுவார்.

எட்டு சிலிண்டர் எஞ்சின் கதை வேறு. அது அமெரிக்காவில் பியூக் கார்களுக்காக அலுமினியத்தில் வார்க்கப்பட்ட எஞ்சின். அங்கே சில ஆண்டுகளில் கைவிடப்பட்டதை 1960களின் நடுவில் ரோவர் நிறுவனம் உரிமை வாங்கிக்கொண்டது. 1970இல் ரேஞ்ச் ரோவரிலும், 1979இல் லேண்ட்ரோவரிலும், 1983இல் வந்த 110இலும் 3,528 சிசி அளவில் அது பூட்டப்பட்டது. அமெரிக்காவில் அதன்மேல் அமெரிக்கக் கார்புரேட்டர் இருந்தது. இங்கிலாந்துக்காரர்களுக்குக் கைப்பழக்கம் ஸ்ட்ராம்பெர்க்கும் எஸ்யுவும். அவை ஒரு வாய் கொண்டவை. எட்டு சிலிண்டருக்கு ஒன்று போதாது என்பதால் இரண்டை வைத்தார்கள். ஆக, இரண்டு இருப்பது பந்தய வேகத்துக்காக அல்ல. இந்த எஞ்சின் அமெரிக்க முறைப்படி ஒற்றைக் கார்புரேட்டரிலும் நன்றாக ஓடும்.

எஸ்யுவின் வேலை முறை எளிது. உள்ளே ஒரு பிஸ்டன் மேலும் கீழும் போகிறது. எஞ்சின் அதிகம் உறிஞ்சினால் பிஸ்டன் மேலே எழும். அதோடு சேர்ந்து கூரான ஊசியும் எழுந்து பெட்ரோல் வரும் துவாரத்தை அகலமாக்கும். காற்றுக்குத் தக்க பெட்ரோல் தானாக வந்துவிடும். ஸ்ட்ராம்பெர்க்கும் அப்படித்தான், அதில் பிஸ்டனைத் தூக்குவது ஒரு ரப்பர் டயாபிரம். 110இன் பிற்கால வண்டிகளில் இருக்கும் எஸ்யுவில் மிதவைத் தொட்டி ஜெட்டைச் சுற்றி அடியிலேயே அமைந்திருக்கிறது. வண்டி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஜெட்டருகே பெட்ரோல் மட்டம் அதிகம் மாறாது. மேடு பள்ளத்துக்கு இது நல்ல அமைப்பு.

இதைச் சொன்னதும் தம்பிக்குக் குழப்பம். "அப்ப என் வண்டி ஏன் மேட்டுல நிக்குது?" என்றார். கேட்க வேண்டிய கேள்வி அதுதான். சாய்வைத் தாங்க வேண்டிய கார்புரேட்டர் தாங்கவில்லை என்றால் வேறெங்கோ கோளாறு இருக்கிறது.

கழற்றும் முன் ஐந்து சோதனை

முதலாவது, மின்பொறி. கார்புரேட்டர் மேல் சுமத்தப்படும் பழியில் பெரும்பங்கு பிளக்குக்கும், டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்கும், பிளக் ஒயருக்கும் சேர வேண்டியது. எட்டு பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்துப் பாருங்கள். எட்டும் கரிபிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம். நாலு மட்டும் கரி என்றால் அந்த நாலுக்கும் ஊட்டும் கார்புரேட்டரைப் பாருங்கள். ஒன்று மட்டும் கரி என்றால் அந்த ஒயரையும் பிளக்கையும் பாருங்கள்.

இரண்டாவது, பெட்ரோல் அழுத்தம். எஸ்யுவுக்கு ஏறத்தாழ 3 முதல் 4 பிஎஸ்ஐ போதும். அதற்கு மேல் போனால் மிதவை ஊசி வால்வை மூடி வைக்க முடியாமல் தோற்றுவிடும். பெட்ரோல் பொங்கும்.

மூன்றாவது, பிஸ்டன். காற்றுக் குழாயைக் கழற்றிவிட்டு விரலால் பிஸ்டனைத் தூக்கி விடுங்கள். தடங்கலில்லாமல் இறங்கி 'டக்' என்று அமர வேண்டும். மேலே இருக்கும் சிறிய மூடியைத் திறந்தால் டேம்பர் எண்ணெய் தெரியும். அது வற்றியிருந்தால் ஆக்சிலேட்டர் மிதித்தவுடன் எஞ்சின் தயங்கும். ஸ்ட்ராம்பெர்க் என்றால் டயாபிரத்தை வெளிச்சத்தில் பிடித்துக் கிழிசல் பாருங்கள்.

நான்காவது, இரண்டின் சமநிலை. ஒரு முழம் ரப்பர் குழாய் எடுத்து ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டர் வாயிலும் வைத்து உறிஞ்சும் சத்தத்தைக் கேளுங்கள். பிறகு அடுத்ததைக் கேளுங்கள். இரண்டும் ஒரே சத்தமாக இருக்க வேண்டும். கருவி வாங்க முடியாதவர்களுக்கு இந்தக் குழாயே போதும்.

ஐந்தாவது, திராட்டில் ஸ்பிண்டில் தேய்மானம். தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். தெளிவாக ஆடினால் அதன் வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. அப்படிப்பட்ட எஞ்சின் ஒரே சீராக ஐடில் ஓடாது, ஏறும் இறங்கும். புஷ் போட்டுச் சரி செய்யலாம், ஆனால் லேத் வேலை தெரிந்தவர் வேண்டும்.

தம்பியின் வண்டியில் இந்த ஐந்தையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்தோம். எட்டு பிளக்கும் கரி. பழைய பெட்ரோல் பம்ப் கெட்டுப்போனபோது யாரோ ஒரு மின்சார பம்ப் வைத்திருக்கிறார்கள். மீட்டர் மாட்டிப் பார்த்தால் 6 பிஎஸ்ஐ. எஸ்யு தாங்கக்கூடியதைவிட மிக அதிகம். சமதரையில் ஊசி வால்வு எப்படியோ சமாளித்திருக்கிறது. மேட்டில் சாய்ந்து குலுங்கும்போது பொங்கியிருக்கிறது. ஒரு சிறிய ரெகுலேட்டர் வாங்கி அழுத்தத்தை 3க்கு இறக்கினோம். கரும்புகை அன்றே நின்றுவிட்டது. வெறும் வண்டியாக அதே மேட்டில் ஏறிப் பார்த்தோம். அணையவில்லை.

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தம்பி பட்டறைக்காரர் சொன்னபடி இரண்டையும் கழற்றிவிட்டு அமெரிக்கக் கார்புரேட்டர் போட்டிருந்தாலும் இந்தக் கோளாறு ஒருவேளை மறைந்திருக்கும். ஏனென்றால் அந்த வகைக்கு 5, 6 பிஎஸ்ஐ அழுத்தம்தான் தேவை. எஸ்யுவுக்கு நோயாக இருந்த பம்ப் அதற்கு மருந்தாகியிருக்கும். "சிங்கிள் போட்டேன், வண்டி சரியாயிடுச்சு" என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பார். நாம் கேட்கும் வெற்றிக் கதைகளில் பல இப்படிப்பட்டவை. கார்புரேட்டரை மாற்றும்போது புதுக் கேஸ்கட், புதுக் குழாய், புது பிளக், புது டியூனிங் எல்லாம் சேர்ந்தே நடக்கின்றன. பேர் மட்டும் கார்புரேட்டருக்குப் போகிறது.

அப்படியானால் மாற்றவே வேண்டாமா?

தம்பியின் வண்டியில் ஐந்தாவது சோதனை தேறவில்லை. இரண்டு கார்புரேட்டரிலும் ஸ்பிண்டில் துவாரம் முட்டை வடிவமாகத் தேய்ந்து போயிருந்தது. ஐடிலில் எஞ்சின் ஏறி இறங்கியது. லேத்தில் கொடுத்துப் புஷ் போட்டு, ஊசி, ஜெட், கேஸ்கட் எல்லாம் இரண்டு செட் வாங்கினால் செலவு பெரிது. அதையும் அவர் வட்டாரத்தில் செய்யத் தெரிந்த ஆள் இல்லை. ஒவ்வொரு தடவையும் சிரம்பானுக்கோ கோலாலம்பூருக்கோ போக வேண்டும். வண்டி ஓடாத நாளில் நாலு குடும்பத்துக்குக் கூலி கிடையாது. இந்த நிலையில் ஒற்றைக்கு மாறுவது நியாயம்தான். ஸ்பிண்டில் நன்றாக இருந்திருந்தால் ரெகுலேட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

இனி எதைப் போடுவது என்று பார்ப்போம். முதலில் ஒரு சின்னக் கணக்கு. கார்புரேட்டர்களை நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று விடும் என்று சிஎப்எம் கணக்கில் சொல்வார்கள். நம் எஞ்சின் 3,528 சிசி, அதாவது 215 கன அங்குலம். நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் முழுக் காற்றை உறிஞ்சும். எனவே 215ஐ அதிகபட்சச் சுற்றால் பெருக்கி 3,456ஆல் வகுக்க வேண்டும். 5,000 சுற்று என்று வைத்தால் 311 வரும். எந்தப் பழைய எஞ்சினும் முழுக்க நிரம்பாது. எண்பது விழுக்காடு என்று கொண்டால் 249.

ஆக, முழு வேகத்தில் ஓடினாலும் இந்த எஞ்சினுக்குத் தேவை 250க்குப் பக்கம். உர மூட்டையோடு லோ ரேஞ்சில் ஊர்ந்து ஏறும் வண்டி அந்த வேகத்தைத் தொடப்போவதே இல்லை. ஹாப் கட் கடையில் இருக்கும் 600 தேவைக்கு இரண்டு மடங்குக்கும் மேல். பெரிய வாயில் காற்று மெதுவாக நடக்கும். மெதுவாக நடக்கும் காற்று பெட்ரோலைத் தூளாக்கித் தூக்கிச் செல்லாது, துளித்துளியாக விழவிடும். கால் வைத்தவுடன் எஞ்சின் 'ம்ம்ம்' என்று முனகித் தயங்கும். சேற்றில் சக்கரம் சிக்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஆக்சிலேட்டர் கொடுக்க வேண்டிய நேரத்தில் அந்தத் தயக்கம் வந்தால் வண்டி அங்கேயே புதையும். கார்புரேட்டரை எஞ்சினின் மிகக் குறைந்த வேகத்துக்குத் தேர்வு செய்ய வேண்டும். மிக அதிக வேகத்துக்கு அல்ல. இந்த ஒரு வரியை மட்டும் எழுதி வைத்துக்கொண்டாலே போதும்.

இன்னொரு எச்சரிக்கை. இரண்டு வாய் கார்புரேட்டரின் சிஎப்எம்மையும் நாலு வாய் கார்புரேட்டரின் சிஎப்எம்மையும் நேராக ஒப்பிடாதீர்கள். இரண்டு வாயை 3 அங்குலப் பாதரச வெற்றிடத்திலும், நாலு வாயை ஒன்றரை அங்குலத்திலும் அளப்பது வழக்கம். ஒரே அளவுகோலில் பார்க்க வேண்டுமானால் இரண்டு வாயின் எண்ணை 1.41ஆல் வகுக்க வேண்டும். இரண்டு வாயில் 350 என்று எழுதியிருந்தால் அது நாலு வாய்க் கணக்கில் 250க்குத்தான் சமம்.

மூன்று பேர் போட்டி

வெபர் 32/36. இரண்டு வாய். ஒன்று 32 மில்லிமீட்டர், மற்றது 36. முதலில் சின்ன வாய் மட்டும் திறக்கும், பாதி மிதித்த பிறகு பெரியது சேரும். நாலு சிலிண்டர் எஞ்சின்களில் பெயர் எடுத்தது. எட்டு சிலிண்டரில் போட்டால் கீழ்வேகத்தில் இனிமையாக இழுக்கும், நெடுஞ்சாலையில் மூச்சு வாங்கும். தோட்டத்தை விட்டு வெளியே போகாத வண்டிக்கு ஏற்றது. இதற்கு அழுத்தம் 3 பிஎஸ்ஐ அளவில்தான் இருக்க வேண்டும், எனவே ரெகுலேட்டர் கட்டாயம்.

ஹோலி 390. நாலு வாய். முன் இரண்டும் காலுக்குக் கட்டுப்பட்டவை. பின் இரண்டும் எஞ்சின் உறிஞ்சும் வேகத்தைப் பார்த்து வெற்றிடத்தில் தானாகத் திறக்கின்றன. எஞ்சினுக்குத் தேவையில்லை என்றால் பின் வாய் மூடியே இருக்கும். அதனால் மெதுவாக ஊரும்போது இது ஒரு சின்ன இரண்டு வாய் கார்புரேட்டராகவே நடந்துகொள்ளும். நம் கணக்குக்கு மேலே கொஞ்சம் இடமும் இருக்கிறது. குறை என்ன? இதன் மிதவைத் தொட்டிகள் முன்னும் பின்னும் தொங்குகின்றன. ஏற்றத்தில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி வெண்ட் குழாய் வழியாக எஞ்சினுக்குள் சிந்தும். செங்குத்தான இறக்கத்தில் முன் ஜெட் பெட்ரோல் இல்லாமல் வறளும். மிதவை மட்டத்தைச் சற்று இறக்கி, இரண்டு வெண்ட் குழாய்களையும் ஒரு ரப்பர் குழாயால் பாலம்போல் இணைத்து நடுவில் ஒரு துளை போட்டால் சிந்துவது பெரும்பாலும் அடங்கும்.

எடல்பிராக் 500. இதுவும் நாலு வாய். டியூன் செய்ய எளிது. மேல்மூடியைக் கழற்றாமலே உள்ளிருக்கும் ஊசிகளையும் ஸ்பிரிங்குகளையும் மாற்றலாம். ரோவர் எட்டு சிலிண்டரில் பலர் போட்டுத் திருப்தியாக ஓட்டுகிறார்கள். ஆனால் குண்டும் குழியுமான சாலையில் மிதவை குதித்து ஊசி வால்வு திறந்து பொங்கும். அதற்கென்றே ஸ்பிரிங் வைத்த ஊசி வால்வு விற்கிறார்கள், அதைச் சேர்த்தே வாங்க வேண்டும். சாலை ஓட்டம் பாதி, தோட்ட ஓட்டம் பாதி என்றால் இதை எடுக்கலாம்.

இந்த இரண்டு அமெரிக்க வகையும் சாய்வைத் தாங்குவதில் நல்ல நிலையில் உள்ள எஸ்யுவுக்கு ஒருபடி கீழேதான். ஒற்றைக்கு மாறுவதால் கிடைக்கும் லாபம் சமநிலை பார்க்கும் வேலை மிச்சம், பழுது பார்க்க ஆள் கிடைப்பது, உதிரிப் பாகம் கிடைப்பது. மேடு ஏறும் திறன் அதில் சேராது. யாராவது அப்படிச் சொல்லி விற்றால் நம்பாதீர்கள்.

கூடவே வரும் செலவுகள்

கார்புரேட்டர் விலையை மட்டும் பார்த்துக் கையை நீட்டிவிடக் கூடாது. எஸ்யு உட்காரும் மேனிபோல்டில் நாலு வாய் உட்காராது. இரும்புத் தகட்டில் அடாப்டர் செய்து மேலே ஏற்றிவிடலாம் என்பார்கள். காற்று வளைந்து நெளிந்து போகும், ஒரு பக்கச் சிலிண்டருக்கு அதிகமும் மறுபக்கத்துக்குக் குறைவும் போகும். எடல்பிராக்கும் ஆபன்ஹவுசரும் இந்த எஞ்சினுக்கென்றே நாலு வாய் மேனிபோல்ட் வார்த்திருக்கின்றன. பழையது கிடைத்தாலும் வாங்கலாம், முகம் வளையாமல் இருக்கிறதா, தண்ணீர் ஓடும் துவாரம் அரித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதிதாக வாங்கினால் கார்புரேட்டரும் சேர்ந்து ஆயிரக்கணக்கான வெள்ளி ஆகும்.

அடுத்தது ஏர் பில்டர். நம் ஊரில் பலர் கோட்டை விடுவது இங்கேதான். எஸ்யு இருந்தபோது காற்று மூடிய பெட்டி வழியாக, குழாய் வழியாக வந்தது. நாலு வாய் போட்டதும் அதன் தலையில் வட்டமான திறந்த பில்டரை வைத்துவிடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது பானட்டுக்கு அடியில் கொதிக்கும் காற்றை உறிஞ்சுகிறது. வெயில் காலத்தில் செம்மண் தூசியை உறிஞ்சுகிறது. மழைக் காலத்தில் தோட்டத்து ஓடையைக் கடக்கும்போது விசிறி அடிக்கும் தண்ணீரை உறிஞ்சுகிறது. காற்று அழுந்தும், தண்ணீர் அழுந்தாது. ஒரு கோப்பைத் தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும், எஞ்சினே போய்விடும். கார்புரேட்டர் தலையில் மூடிய தொப்பி வைத்து, பழைய பெட்டிக்கே குழாய் இழுத்துவிடுங்கள்.

பிரேக் பூஸ்டர் குழாய்க்குப் புது மேனிபோல்டில் சரியான இடம் வேண்டும். தப்பான இடத்தில் மாட்டினால் பெடல் கனக்கும். ஆக்சிலேட்டர் கேபிள் முழுதாக இழுக்கிறதா, விட்டவுடன் முழுதாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். ரிட்டர்ன் ஸ்பிரிங் ஒன்றல்ல, இரண்டு மாட்டுங்கள். ஒன்று அறுந்தாலும் மற்றது திராட்டிலை மூடும். கார்புரேட்டருக்கும் மேனிபோல்டுக்கும் நடுவே வெப்பம் கடத்தாத தடித்த ஸ்பேசர் வையுங்கள். மதிய வெயிலில் நிறுத்தி மீண்டும் ஸ்டார்ட் செய்யும்போது அதன் அருமை தெரியும். எல்லாம் மாட்டியபின் பானட் மூடுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். சேர்த்துப் பார்த்தால் உயரம் கூடிவிடும்.

தம்பி கடைசியில் எடுத்தது 390. காரணம் இரண்டு. கணக்குக்குப் பொருந்தியது. இரண்டாவதாக, அவர் ஊரிலிருந்து அரை மணி நேரத்தில் அதற்குக் கேஸ்கட்டும் ஜெட்டும் வைத்திருக்கும் கடை ஒன்று இருக்கிறது. இரண்டாவது காரணம் முதலாவதைவிடக் குறைந்ததல்ல. உலகத்திலேயே சிறந்த கார்புரேட்டர் உங்கள் ஊரில் கேஸ்கட் கிடைக்காததாக இருந்தால் அது உங்களுக்குச் சிறந்ததல்ல. மேனிபோல்ட் பழையதாகக் கிடைத்தது. ரெகுலேட்டரை எறியவில்லை, அதையே 5க்கு ஏற்றி வைத்துக்கொண்டோம்.

டப்பாவில் வரும் ஜெட் எல்லா எஞ்சினுக்கும் பொதுவாக வைத்தது. பிளக் நிறம் பார்த்து இரண்டு முறை மாற்றினோம். டியூனிங்கைச் சமதரையில் முடித்துவிட்டுக் கைகுலுக்கும் பழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. போர் வீல் வாகனத்துக்கு அது பாதி வேலைதான். முதலில் வெறும் வண்டி, பிறகு மூட்டை மட்டும் ஏற்றிய வண்டி, மேட்டில் மூக்கு மேலே பார்த்தபடி இரண்டு நிமிடம், கீழே பார்த்தபடி இரண்டு நிமிடம், இடம் வலம் சாய்ந்தபடி ஒவ்வொரு நிமிடம் ஐடிலில் நிற்க வேண்டும். நின்ற இடத்திலிருந்து தயங்காமல் கிளம்ப வேண்டும். பெட்ரோல் வாசனை வரக் கூடாது. பெட்ரோல் சிந்தும் எஞ்சின் அணைவதோடு விடாது, தீயும் பிடிக்கும். ஓட்டுநர் கைக்கெட்டும் இடத்தில் தீயணைப்புக் கருவி ஒன்றை மாட்டச் சொன்னேன், மாட்டிவிட்டார்.

முதல் சுற்றில் மூக்கு கீழே பார்க்கும்போது எஞ்சின் தடுமாறியது. மிதவை மட்டத்தை நாங்கள் அளவுக்குமேல் இறக்கியிருந்தது தெரிந்தது. கால் திருகு ஏற்றியதும் நின்றது. நான்கு சோதனையும் தேறிய பிறகே வேலையாட்களை ஏற்றலாம் என்பது எங்கள் ஒப்பந்தம். ஆட்களை மூட்டை மேல் உட்கார வைக்காமல் பின்பக்கம் பெஞ்சும் கைப்பிடியும் பொருத்தியிருக்கிறார். மூட்டைகள் இனி தனி நடையாகப் போகும். ஒரு நடை கூடுகிறது, பெட்ரோல் கூடுகிறது. கழற்றிய இரண்டு எஸ்யுவையும் எண்ணெய் தடவிக் காகிதத்தில் சுற்றி வைக்கச் சொல்லியிருக்கிறேன். புஷ் போடத் தெரிந்த கை என்றைக்காவது கிடைக்கும்.

ஸ்ட்ராம்பெர்க் வைத்திருக்கும் ரேஞ்ச் ரோவர்காரர்களுக்கும் இதே ஐந்து சோதனைகள்தான். பாதிப் பேருக்கு டயாபிரமும் டேம்பர் எண்ணெயும் மாற்றினாலே வேலை முடிந்துவிடும். அடுத்த வாரம், மழையில் நனைந்த டிரம் பிரேக் ஏன் ஒரு பக்கம் இழுக்கிறது என்று பார்ப்போம்.